கொச்சி மணலில் நிறுத்திய கார்

வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, ஜோதிலட்சுமியும் தங்கப்பாண்டியனும் பழைய கொச்சியைத் தங்கள் காரிலேயே சுற்றி வந்தார்கள். கடற்சுவருக்குக் கீழே, ஈர மணலில் காரை இறக்கி நிறுத்தினான் அவன்.

“தண்ணி வந்துராதாங்க?”

“மலைப்பக்கம் மேகமே இல்ல. எங்கன இருந்து வரும்?”

மலையடிவாரத்து ஓடைப்பட்டிக்காரனான அவனுக்குத் தண்ணீர் என்றால் மலையிலிருந்துதான் இறங்க வேண்டும். அவன் தேவாலயத்தைப் படமெடுக்கப் போனான். பின்சீட்டில் குழந்தை தூங்கியதால் அவள் காரிலேயே இருந்தாள்.

ஓர் அலை டயரைத் தொட்டது. அடுத்தது கதவில் மோதியது. வண்டி மெல்லச் சரிந்தது. கதவைத் தள்ளினாள், தண்ணீர் திருப்பித் தள்ளியது. சுவர்மேல் வலைக்காரர்கள் நின்றார்கள். ஹாரனை இரு கைகளாலும் அழுத்தினாள்.

இருவர் குதித்து ஓடிவந்து கதவை இழுத்துத் திறந்தார்கள். “பேடிக்கண்டா மோளே!” என்று மலையாளத்தில் பயப்படாதே எனத் தைரியம் சொன்னபடி ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார்.

தங்கப்பாண்டியன் மூச்சிரைக்க வந்தபோது, வலைக்காரர்கள் காரைக் கரைக்குத் தள்ளியிருந்தார்கள்.

“ஏறு ஜோதி. அடுத்து அரண்மனை.”

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். “நீங்க பாத்துட்டு வாங்க. நாங்க பஸ்ல ஊருக்குப் போறோம்.”