கல்லுக்கடியில் ஒரு மீன்

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். வண்ணமீன் கடையில் ஒரு பெண்மணி கடைக்காரரை ஒரு பிடி பிடித்துக்கொண்டிருந்தார்: தொட்டி மீனை ஓடையில் விடச் சொல்லி யாருக்கும் யோசனை சொல்லாதீர்கள், நோய் பரவும் என்று. மீன்தீனி வாங்கப் போனவன் கதையோடு திரும்பினேன்.

2

முதல் தொடக்கம்: 'சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத, வாலில் கறுப்புக் கோடு போட்ட அந்த மீன்*, அந்த ஓர் ஊற்றைத் தவிர உலகில் வேறெங்கும்...'

(சே, பாடப்புத்தகம்.)

மறுபடியும். மீன் ஆய்வாளர் காலை ஆறு மணியிலிருந்து முழங்கால் தண்ணீரில் நிற்கிறாள். பதினோரு மணிக்குப் பொறியாளர் வருகிறார். போன வருஷம் எடுத்த மீன் படங்கள் செல்லாதாம். அவர் கண்முன்னால் வலையில் ஒரு மீனாவது விழவேண்டும். இல்லாவிட்டால் ஊற்றை மூடிச் சாலை போட்டுவிடுவார்கள். இருபது தடவை வலை போட்டாயிற்று. வந்ததெல்லாம் பாசியும் சருகும்தான்.

* அறிவியல் பெயர் ஒன்று வைத்துப் பார்த்தேன். எனக்கே வாயில் நுழையவில்லை.

3

கரையில் அவள் தம்பி. கையில் பிளாஸ்டிக் பை, அதில் அதே இன மீன் மூன்று. இனம் அற்றுப்போய்விடக் கூடாதென்று போன வருஷம் அவள்தான் இங்கே பிடித்து, அவன் வீட்டுத் தொட்டியில் வளர்க்கக் கொடுத்தாள். அந்தப் புத்திசாலி அதே தொட்டியில் கடைமீன்களையும் விட்டான். வெள்ளைப்புள்ளி நோய் வந்து பாதி செத்துப்போயின.

(இந்தத் தம்பியை எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு தடவை அடித்துவிட்டேன். அவன் இல்லாமல் கதை நகர மாட்டேன் என்கிறது.)

"ஊத்துல விட்டுடுக்கா. மூணும் இப்ப நல்லாத்தான் இருக்கு."

"பாக்க நல்லாத்தான்டா இருக்கும், நோய் உள்ளயே இருக்கும். கல்லுக்கடியில ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சிருந்தா அதுங்களும் போயிடும்."

"ஒண்ணுமே இல்லன்னா?"

அவள் மறுபடியும் வலை போடுகிறாள். [இங்கே அவள் அழுவதாக எழுதியிருந்தேன். அழ அவளுக்கு ஏது நேரம்?]

4

முடிவு ஒன்று: பையை அவிழ்க்கிறாள். வலையில் மீன். ஊற்று பிழைக்கிறது. ஒரு மாதம் கழித்து, கல்லுக்கடியிலிருந்து வெள்ளைப்புள்ளியோடு...

முடிவு இரண்டு: அவிழ்க்கவில்லை. மண் லாரி வருகிறது. கல்லைப் புரட்டும்போது...

இரண்டையும் முடிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஒரே வரி போதும், கல்லுக்கடியில் நானே ஒரு மீனை வைத்துவிடலாம். எழுதவும் எழுதினேன். படித்துப் பார்த்தால், தம்பி செய்யச் சொன்னதைத்தான் நானும் செய்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. அடித்துவிட்டேன்.

வளைவில் வண்டிச் சத்தம். அவள் பையை வாங்கிக்கொண்டாள். முடிச்சின் மேல் விரல் இருக்கிறது. கல்லுக்கடியில் என்ன இருக்கிறதென்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இனி நீங்கள்தான் சொல்லவேண்டும், சீக்கிரம். பொறியாளர் இறங்கிவிட்டார்.