செய்து பார்க்காத குறிப்பு

எழிலரசியின் கைகளைப் பல ஊர்க்காரர்களுக்குத் தெரியும். முகத்தை, மேனாம்பேட்டில் அவள் குடியிருந்த தெருவைத் தாண்டி யாருக்கும் தெரியாது. போனை அடுப்பு மேடைக்கு மேலே அலமாரிக் கதவில் செருகிவைத்து, கைகள் மட்டும் தெரியும்படி வீடியோ எடுப்பாள். புதுப் பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் தேங்காய் எண்ணெய் தடவி உரிப்பது, பச்சை மிளகாய் அழுகாமல் இருக்கக் காம்பைக் கிள்ளி வைப்பது, இஞ்சித் தோலை ஸ்பூனால் சுரண்டுவது, சிக்கிக்கொள்ளும் ஜிப்பில் மெழுகுவர்த்தியைத் தேய்ப்பது என்று வீட்டு வேலையைச் சுலபமாக்கும் சின்னச் சின்ன வழிகள்தான் அவளுடைய சரக்கு. எதையும் தன் வீட்டில் ஒரு தடவையாவது செய்து பார்த்த பிறகுதான் போடுவாள். அந்த வியாழக்கிழமை மட்டும் அப்படிச் செய்யவில்லை.

புதிதாகச் சொல்ல எதுவும் கிடைக்காமல் ஒரு வாரமாகத் திண்டாடிக்கொண்டிருந்தாள். நாள் விட்டு நாள் ஏதாவது போடாவிட்டால் பார்க்கிறவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்கள் என்ற பயம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. யாரோ எங்கோ போட்டிருந்த ஒன்றை எடுத்தாள். பாத்ரூம் தரையில் படியும் உப்புக்கறைக்கு பிளீச்சிங் பவுடரைத் தூவி, அதன்மேல் ஆசிட்டை ஊற்றினால் தேய்க்காமலே போய்விடுமாம். வீட்டில் ஆசிட் இல்லை. காலி ஆசிட் பாட்டிலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த தரையைக் காட்டி, "பாருங்க, கறை எப்படிப் போச்சுன்னு" என்று பேசி முடித்தாள். காலையில் போட்டதும் அது மற்றதையெல்லாம்விட வேகமாகப் பரவ ஆரம்பித்தது. சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் போனை எடுத்து எடுத்துப் பார்த்தாள். உள்ளூர ஒரு குஷி.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இளங்கோவிடமிருந்து போன் வந்தது. எழிலரசியின் புருஷன். அம்பத்தூர் எஸ்டேட்டில் முலாம் பூசும் கம்பெனி ஒன்றில் வேலை. டீ டைமில் மட்டும்தான் கூப்பிடுவான்.

"ஏய், இன்னாத்தப் போட்டு வெச்சிருக்கிற?"

"ஏன், நல்லாத்தானே போய்க்கினு கீது?"

"நல்லா போய்க்கினு கீதா? பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் ஒண்ணாக் கலந்தா விஷப்புகை வரும்டி. எங்க கம்பெனில ரெண்டையும் ஒரே ரூம்ல கூட வெக்க மாட்டாங்க. பாத்ரூமை மூடிக்கினு எவனாவது ஊத்தினான்னு வெச்சுக்க, மூச்சு அடைச்சிரும். மொதல்ல அத்த எடு!"

அந்த நிமிடமே வீடியோவை அழித்தாள். வீடியோவை எடுத்துவிடலாம், பார்த்தவர்கள் மனசிலிருந்து எப்படி எடுப்பது? அதன் கீழே கருத்து எழுதியிருந்த ஒருத்தியின் பெயர் பளிச்சென்று நினைவுக்கு வந்தது. சுசீலா. "எங்க ஊட்டு பாத்ரூம் பாறை மாதிரி கீது கண்ணு. இன்னிக்கே போட்டுப் பாக்கறேன்."

சுசீலா எல்லா வீடியோவுக்கும் எழுதுகிறவள். தையல்காரி. ஜிப் குறிப்பைப் பார்த்துவிட்டு, தன் கடையின் போட்டோவை அனுப்பி, 'திருநின்றவூர் பக்கம் வந்தா ஊட்டுக்கு வா' என்று கூப்பிட்டவள். எழிலரசி அந்தப் போட்டோவைத் தேடி எடுத்தாள். 'சுசீலா தையலகம், ஏரிக்கரை சாலை.' பலகையில் போன் நம்பர் இருந்தது. ஆனால் கொடியில் தொங்கிய ஒரு மஞ்சள் ஜாக்கெட் அதன் பின்பாதியை மறைத்துவிட்டது. 'அக்கா, அந்தக் குறிப்பு தப்பு, செய்யாதீங்க' என்று செய்தி அனுப்பினாள். போனது. பார்த்ததாகக் காட்டவில்லை. மறுபடி அனுப்பினாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தாள். பாதி தேய்த்த பாத்திரத்தை எடுத்து, அதையும் அப்படியே போட்டாள். பிறகு சேலையை மாற்றக்கூடத் தோன்றாமல் கதவைப் பூட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறி அம்பத்தூர் ஸ்டேஷனுக்குப் போனாள்.

ரயிலில் உட்கார இடம் இருந்தும் வாசலோரமே நின்றாள். திருமுல்லைவாயிலில் ஏறிய பெண்கள் இருவர் போனில் ஏதோ பார்த்துச் சிரித்தார்கள். இவர்களும் பார்த்திருப்பார்களோ? காய்கறிப் பையோடு கீழே உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள்? எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணனூர் தாண்டியதும் சிக்னலுக்காக வண்டி நின்றது. நின்றது, நின்றுகொண்டே இருந்தது. சுசீலாவிடமிருந்து பதில் இல்லை.

ஒரு சுசீலாவைத்தான் தேடிப் போகிறோம், மற்றவர்கள்? வண்டி ஏறியதுமே எழிலரசி எல்லாருக்குமாக ஒரு எச்சரிக்கை எழுதி வைத்திருந்தாள். அனுப்பாமல் திரும்பத் திரும்பப் படித்தாள். 'சின்னத் தவறு நடந்துவிட்டது' என்று எழுதியிருந்தது அவளுக்கே பிடிக்கவில்லை. இதைப் போட்டால் பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த கூட்டம் ஒரே நாளில் கலைந்துவிடும். வண்டி நகரவில்லை. அவள் எழுதியதை அழித்தாள். போனைத் திருப்பித் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நான்தான் எழில். காத்தால நான் போட்ட பாத்ரூம் குறிப்பு தப்பு. பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் கலக்காதீங்க, விஷப்புகை வரும். நான் அதைச் செஞ்சு பாக்கல. பாட்டில்ல இருந்தது வெறுந்தண்ணி. பாத்தவங்க எல்லாருக்கும் தயவுசெஞ்சு சொல்லுங்க."

வியர்த்து வழிந்த முகம், கலைந்த தலை. திரும்பப் போட்டுப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் இருவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நகர்ந்தது.

திருநின்றவூரில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் போட்டோவைக் காட்டியதும் அவர் நேராகக் கொண்டுபோய் விட்டார். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே தையல் மெஷின்மேல் பாதி தைத்த பாவாடை கிடந்தது. "யாரு?" என்று இருபது வயசு மதிக்கத்தக்க பெண் ஒருத்தி பின்பக்க வீட்டிலிருந்து வந்தாள். சுசீலாவின் மகள், யுவராணி.

"சுசீலா அக்கா இல்லீங்களா?"

"அம்மாக்கு ஒடம்பு சரியில்ல. துணி வாங்கவா வந்தீங்க? நாளிக்கு வாங்க."

எழிலரசி குனிந்து ஷட்டருக்கு உள்ளே வந்தாள். "ஒடம்புக்கு இன்னா?"

"பாத்ரூம் கழுவுறேன்னு போச்சு. இருமிக்கினே வெளிய ஓடி வந்து வாசல்லயே உக்காந்துருச்சு. மூச்சே வுட முடியல. டாக்டராண்ட தூக்கினு போனோம். மூஞ்சில மாஸ்க் மாட்டி ஆவி மருந்து வெச்சாங்க. இப்பதான் கூட்டினு வந்தேன்."

"இப்ப மூச்சு வுட முடியுதா?"

"பரவால்ல. நீங்க யாரு?"

அதற்குள் உள்ளேயிருந்து கரகரத்த குரல் கேட்டது. "யாரு யுவா அது? கொரல எங்கியோ கேட்டா மாதிரி கீதே!"

எழிலரசி குரல் வந்த பக்கம் போனாள். சுசீலா கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. எழிலரசியைக் கண்டதும் நிமிர்ந்தாள். "நீ பேசு, பேசு... கண்ணு, நீ எழில்தானே? அய்யே, இம்மாந் தூரம் வந்துகிறியே! யுவா, டீ போடு!" இருமல் வந்தது. அடங்கியதும் சிரித்தாள். "பாரேன் கூத்த. உன் குறிப்ப பாத்துட்டு, நான் அளவு தெரியாம கொட்டிட்டேன் போல. நீ போட்டப்போ ஒண்ணும் ஆவல இல்ல? எனக்குத்தான் பக்குவம் பத்தல."

அந்த இடத்தில் 'ஆமாம் அக்கா' என்று சொல்லிவிட்டு ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். சுசீலா அதை நம்பியும் இருப்பாள். எழிலரசி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"அளவு தப்பு இல்லக்கா. குறிப்பே தப்பு. நான் போட்டுப் பாக்கவே இல்ல. பாட்டில்ல தண்ணிய புடிச்சு ஊத்தினேன்."

சுசீலாவின் சிரிப்பு மெல்ல அடங்கியது. "தண்ணியா?"

"ஆமாக்கா."

"தரைல கறை போச்சே?"

"கறையே இல்ல. கழுவுன தரை."

யுவராணி டீத்தூள் டப்பாவை மேடைமேல் ணங்கென்று வைத்தாள். "அறிவு கீதா உங்களுக்கு? எங்கம்மா செத்துருந்தா?"

எழிலரசிக்கு அழுகை வந்தது. இங்கே அழுதால் சுசீலா தன்னைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சுசீலாதான் பேசினாள். "எங்கூட்டுக்காரு, போன்ல வர்றதெல்லாம் பொய்யின்னுவாரு. இந்தப் பொண்ணு செஞ்சு பாக்காம போடாதுய்யான்னு உனக்காக சண்ட போடுவேன் நானு." கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எழிலரசி தாங்கியிருப்பாள். சுசீலா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சாதாரணமாகச் சொன்னாள்.

பாத்ரூம் இன்னும் கழுவாமலே கிடந்தது. எழிலரசி வெளியே வந்து இளங்கோவைக் கூப்பிட்டுக் கேட்டாள். கதவு, ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டு, நெடி போகும்வரை யாரும் உள்ளே போகாமல், பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசச் சொன்னான். வேறு எதையும் ஊற்றக் கூடாது என்றான். அவள் காத்திருந்து, நெடி அடங்கியதும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வாசலிலிருந்தே வாளி வாளியாகத் தண்ணீரை வீசினாள். யுவராணி முதலில் தள்ளி நின்று முறைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவளே குழாயடியில் வாளியை நிரப்பிக் கொடுத்தாள். உப்புக்கறை அசையாமல் அப்படியே இருந்தது.

கிளம்பும்போது சுசீலா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூக்கமா, பேசப் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை. "வர்றேன்க்கா," என்றாள் எழிலரசி.

"மூச்சு திரும்ப இழுத்தா ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிகீறாங்க," என்றாள் சுசீலா, கண்ணைத் திறக்காமல். "நாளிக்கு ஒரு போன் பண்ணு. நம்பர யுவாகிட்ட வாங்கிக்க."

திரும்பும் ரயிலில் கூட்டம் இல்லை. போனைத் திறந்தாள். வசவுகள் குவிந்திருந்தன. முகத்தைப் பற்றிக்கூடத் திட்டியிருந்தார்கள். நடுவில் ஒருவர், 'சொன்னதுக்கு நன்றிம்மா, வாளியைக் கையில எடுத்துட்டேன், ஊத்தாம வெச்சுட்டேன்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்தபோதுதான் முதல்முறையாக மூச்சு முழுசாக வெளியே வந்தது. ஆனால் காலையில் பார்த்தவர்களில் பாதிப்பேர்கூட இதைப் பார்த்திருக்கவில்லை. தப்பான குறிப்பு போகிற வேகத்தில் திருத்தம் போவதில்லை.

பூந்தமல்லியிலிருந்து முனியன் என்பவர் கேட்டிருந்தார்: 'காலைல பாத்ததை ஊர்ல கீற தங்கச்சிக்கு அனுப்பிட்டேனே, அது போன எடுக்க மாட்டேங்குதே, இன்னா பண்ண?'

எழிலரசி சீட்டின் நுனிக்கு வந்தாள். 'அண்ணா, பக்கத்து ஊட்டுக்காரங்க யாரு நம்பராவது இருந்தா கொடுங்க, நானும் கூப்பிடறேன்' என்று அடித்து அனுப்பிவிட்டு, திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரயில் பட்டாபிராமைத் தாண்டி ஆவடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.