டிக் விழாத கட்டம்

மருத்துவமனையின் சர்வர் அறையில் ஆறு சர்வர்களுக்கும் சேர்த்து ஒரே திரை, ஒரே கீபோர்டு. திரைப் பட்டியலில் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால், கேவிஎம் பெட்டி அந்தப் பெயருக்குரிய எண்ணில் செருகியிருக்கும் சர்வரைக் காட்டும். வேலைக்குச் சேர்ந்த எட்டு மாதத்தில் ஃபஹீமாவின் பொறுப்பில் முழுதாக விட்டது அந்தப் பெட்டியை மட்டும்தான்.

செவ்வாய் மதியம் தாரிக் மெமரி மாற்றுவதற்காக 'பழைய பேக்கப்' என்றிருந்த மூன்றாம் எண்ணைத் தேர்ந்தெடுத்தான். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல் என்பதால் உள்ளே நுழைந்தபோதும் வித்தியாசம் தெரியவில்லை. அணைத்தான். அணைந்தது லேப் சர்வர். அது எழுந்து வர நாற்பது நிமிடம். அதுவரை ரத்தப் பரிசோதனை முடிவு எதுவும் வார்டுகளுக்குப் போகவில்லை. அறுவைக்குத் தயாராக இருந்த ஒரு பெரியவரை வார்டுக்கே திருப்பி அனுப்பினார்கள்.

புதன் காலை மேலாளர் பாலகோபாலின் அறைக்கு வெளியே தாரிக் உட்கார்ந்திருந்தான். ஒப்பந்த வேலை, இந்த மாதம் நிரந்தரமாக வேண்டியது.

"பேரைப் படிச்சுத்தான் அமுத்தினேன். எனக்கென்ன கண்ணா அவிஞ்சு போச்சு? நீயாச்சும் நம்பு அம்மணி."

ஃபஹீமா உள்ளே போனாள். கையில் அவள் நோட்டு இருந்தது. எழுதி வைக்காவிட்டால், செய்ததையே செய்தோமா என்று பாதி வழியில் சந்தேகம் வந்துவிடும் அவளுக்கு. நேற்று மாலை எடுத்துப் பார்த்த பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தாள். வெள்ளிக்கிழமைத் தேதி. மூன்று வரிகள், பக்கத்தில் மூன்று கட்டங்கள். மூன்றாம் எண் கேபிளையும் நான்காம் எண் கேபிளையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றியது: டிக். ஸ்டிக்கர் மாற்றியது: டிக். திரையில் பெயர் மாற்ற வேண்டியது: வெறும் கட்டம்.

"அஞ்சரைக்கு காந்திபுரத்துல கிளாஸுங்க சார். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு போயிட்டேன். அப்பறம் மறந்துபோட்டேன்."

பாலகோபால் நோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"அவன் வேலை போயிரும்னு நேத்து ஊட்டுல உக்காந்து எழுதிட்டு வந்தயா?"

தன்னைத்தான் அவள் எப்போதும் சந்தேகப்பட்டிருக்கிறாள். நோட்டை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

"அடுத்த பக்கத்தைத் திருப்புங்க சார்."

சனிக்கிழமை. யுபிஎஸ் பேட்டரி சோதனை. அடியில் அன்று அவரே போட்ட கையெழுத்து இருந்தது; அதற்கு முந்தைய பக்கம் நேற்று எழுதியதாக இருக்க முடியாது. முந்தைய பக்கத்துக்கு மறுபடி திருப்பினார். பிறகு தாரிக் பெயரில் டைப் அடித்து வைத்திருந்த மெமோவை எடுத்து இரண்டாகக் கிழித்தார்.

"உனக்குத்தான் எழுதோணும்."

"சரிங்க சார்."

"அவனை வரச் சொல்லு. பேரை மாத்திப்போட்டு வா."

வெளியே தாரிக் எழுந்து நின்றான். நடந்ததை அவள் சொன்னாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்து சாயங்காலம்."

"நேத்தே ஒரு போன் போட்டிருக்கலாமில்ல. ஊட்ல யாருமே சாப்பிடல."

அவள் முகம் பார்க்காமல் அவன் உள்ளே போனான்.

சர்வர் அறையில் இரண்டு பெயர்களையும் மாற்றினாள். ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே நுழைந்து, சர்வரின் சொந்தப் பெயரோடு ஒப்பிட்டாள். ஆறாவது முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினாள். பிறகு புதுப் பக்கத்தில் புதன்கிழமைத் தேதி போட்டு எழுதி, டிக் போட்டாள்.

வெள்ளிக்கிழமைக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டாள்.