அளவெடுத்து முடியும் வரை

...இன்னும் தோள்தான் ஆகிறது, கை இருக்கிறது, நெஞ்சு, இடுப்பு, நீளம், அதற்குள் சொல்லிவிடலாம், சொல்லத்தானே வந்தேன், அபாயா தைக்கவா வந்தேன், வீட்டு அலுமாரியில் மூன்று தொங்குகின்றன, ஆனால் வாசலில் சல்மா உம்மாவைக் கண்டதும் வாய் தானாகவே "ஒரு அபாயாக்கு அளவு குடுக்க வந்தன் மாமி" என்றது. கைப்பைக்குள் அந்தப் புத்தகம், நாற்பத்தோராம் பக்கத்தின் நுனியை மடித்து வைத்திருக்கிறேன். "பதினாலரை" என்று சல்மா உம்மா சத்தமாகச் சொல்கிறார், அளவு நாடா முதுகில் ஊர்கிறது, மூலையில் தையல் மெசினுக்கு முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நளீர் அதைக் கொப்பியில் எழுதுவது தோளின் அசைவில் தெரிகிறது. இந்த வீட்டின் வழக்கம் அது. வெட்டுவதும் தைப்பதும் நளீர், ஆனால் ஓர் அந்நிய ஆண் பெண்களுக்கு அளவெடுக்கலாமா, ஆகவே உம்மா அளந்து சொல்வார், மகன் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்து எழுதிக்கொள்வார், சாய்ந்தமருதில் பாதிப் பெண்கள் இந்த அறையில் இப்படிக் கையை விரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்... பாதிப் பெண்கள். எழுதும்போது இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? தோன்றவில்லையா?

"இருவத்திரண்டு. கை நீளந்தான் மகள் ஒங்களுக்கு." கை முடிந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு கல்முனையில் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் வாடகைக்கு எடுத்த அறை, காற்றாடி சுற்றும்போதெல்லாம் தாள்கள் பறக்கும், ஐந்து சனிக்கிழமைகள். கொழும்பிலிருந்து சிவரூபினி மிஸ் செய்த உளவியல் ஆய்வு, பிறப்பில் ஒரு பாலாகவும் மனதில் வேறு பாலாகவும் வாழ்கிறவர்களைப் பற்றியது, ஊர் தெரிந்தவள் என்று என்னை உதவிக்கு எடுத்திருந்தார், ஆட்களைத் தேடிப் பிடித்ததும் கேள்வி கேட்டதும் நான்தான். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதியதும் நான்தான், 'நீங்கள் விரும்பாத எதுவும் வெளியிடப்படாது', அந்த வரியை எவ்வளவு அழகாக எழுதினேன். புத்தகத்துக்கு ஒரு புனைபெயர் சொல்லுங்கள் என்று கேட்டதும் நளீர் சிரித்து, "றஹீமா எண்டு போடுங்க ராத்தா. சின்ன வயசில இருந்து எனக்குள்ள அந்தப் பேருதான். அச்சில ஒருக்காப் பாத்தாப் போதும்" என்றாள். அன்றைக்குப் பிறகு எனக்கு அவள் றஹீமாதான். அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்ட முதல் ஆள் நான், கூப்பிட்டதும் அவள் கழுத்து திரும்பிய விதம்... அதை ஏன் இப்போது நினைக்கிறேன், நெஞ்சளவு எடுக்கிறார்கள், நேராக நில்.

ஐந்தாவது சனிக்கிழமை ஒலிப்பதிவை நிறுத்திவிட்டேன், அவள் படிக்கட்டில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள், அப்போதுதான் சொன்னாள். உம்மா பொம்புளையளுக்கு அளவெடுக்கக்குள்ள என்னச் செவரப் பாக்கச் செல்லுவா, நானும் பாப்பன், ஆனா எனக்குப் பின்னால நிக்கிற ஆக்களோடதான் ராத்தா நானும் நிக்கன், முதுகக் காட்டிக்கிட்டு நிக்கன்... சொல்லிவிட்டு உடனே, "இத எழுதிராதீங்க, இது ஒங்களுக்கு மட்டுந்தான்" என்றாள். ஓம் என்று தலையாட்டினேன். கையைக்கூடப் பிடித்தேன். பிறகு பஸ்ஸில் ஏறி, சாய்ந்தமருது வருவதற்குள், டிக்கட்டின் பின்புறத்திலும் கைப்பையில் கிடந்த ஒரு பில்லின் பின்புறத்திலுமாக அதை ஒரு சொல் தப்பாமல் எழுதி முடித்துவிட்டேன். மறந்துவிடுமே என்ற பயம். யாருக்காகப் பயந்தேன்? சிவரூபினி மிஸ் அதை வாசித்துவிட்டு, ஓரத்தில் ஒரு கோடு போட்டு, "இதுதான், சுல்பிகா, மற்றதெல்லாம் இதுக்குப் பிறகுதான்" என்றார். அன்றிரவு நான் சந்தோசமாகத் தூங்கினேன். அதையும் எங்காவது எழுத வேண்டும்.

"இடுப்பு... அல்லாவே, முப்பத்தெட்டு! போன பெருநாளைக்கு முப்பத்தாறுதானே மகள்? மாப்புள நல்லாத்தான் பாக்காரு போல." மூலையில் நளீரின் முதுகு குலுங்குகிறது, "உம்மா, எழுதினாப் போதும், ஊருக்குச் செல்லத் தேவல்ல" என்கிறது, நானும் சிரிக்கிறேன், சிரிக்க முடிகிறது எனக்கு. ஆய்வு ஆங்கிலத்தில் வந்தபோது பயமில்லை, இங்கே யார் அதை வாசிக்கப் போகிறார்கள். இப்போது தமிழில் சிறு புத்தகமாக அடித்திருக்கிறார்கள், ஆய்வின் பயன் ஊருக்கும் போய்ச் சேர வேண்டுமாம், இன்று நாலு மணிக்கு மண்டபத்தில் கூட்டம், மாதர் சங்கத்துக்கெல்லாம் அழைப்புப் போயிருக்கிறது, நூற்றைம்பது பிரதிகள் ஏற்கனவே மேசையில். காலையில் மிஸ்ஸுக்குப் போன் எடுத்தேன். "பேர் இல்ல, ஊர் இல்ல, வயசையும் மாத்தியாச்சு. ஆய்வு நெறிக் குழு பாத்து அனுமதிச்சதுதானே, உமக்கு என்ன பயம்?" என்றார். உண்மைதான், பெயர் இல்லை. தானே தெரிவுசெய்த பெயர் என்றால் யாராவது அடையாளம் கண்டுவிடலாம் என்று குழு சொல்ல, றஹீமாவை எடுத்துவிட்டு 'பங்கேற்பாளர் ஏழு' என்று போட்டோம். ஊரைக் 'கிழக்குக் கரையோர ஊர்' ஆக்கினோம். சுவரை மட்டும் அப்படியே விட்டுவைத்தோம். கொழும்பில் அது நல்ல ஒரு வரி, இங்கே அது ஒரு வீட்டின் விலாசம். மண்டபத்தில் ஒருத்தி வாசிப்பாள், பக்கத்திலிருப்பவளைப் பார்ப்பாள், பிறகு இருவரும் தாங்கள் உடுத்திருக்கும் அபாயாவைக் குனிந்து பார்ப்பார்கள். நாளைக்கு இந்த வாசலுக்கு யார் வருவார்கள், தைக்கவா வருவார்கள்?

"நாலு மணிக்கு நானும் வாறன் மகள்" என்கிறார் சல்மா உம்மா, நாடாவை என் கணுக்காலுக்கு இறக்கிக் குனிந்தபடி, "சுயதொழில் செய்யிற புள்ளையளப் பத்தின பொத்தகம் எண்டு நீங்கதானே செல்லிருந்த. எனக்கும் ஒண்டு எடுத்து வைங்க." ஓம் மாமி. அந்தப் பொய்யும் என்னுடையதுதான், அன்று மகனைச் சனிக்கிழமைகளில் அனுப்பிவைக்கச் சொன்ன பொய். அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்ததும் நான்... நாற்பத்தோராம் பக்கத்தில், அந்தச் சுவர் வரியில் நின்றேன், நின்றது நினைவிருக்கிறது, பென்சிலை எடுத்தேன், 'தையல் இயந்திரம்' என்றிருந்ததை வெட்டி 'தையல் மெசின்' என்று திருத்தினேன், அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அப்படியானால் பார்க்காமல் விட்டது என்று எதைச் சொல்கிறேன்?

"அம்பத்தாறு. முடிஞ்சி, கிறுகு மகன்." நளீர் திரும்புகிறாள், காதில் பென்சில், கொப்பியில் வரிசையாக என் உடம்பு. உம்மா சிந்திய குண்டூசிகளைப் பொறுக்கக் குனிந்த நேரம் பார்த்து, உதடு மட்டும் அசைய, "பொத்தகம் வந்திட்டாம் ராத்தா? அந்தப் பேரு போட்டாங்களா?" கண்ணில் பெருநாள் காலையின் வெளிச்சம். நான் கைப்பையின் சிப்பைத் திறக்கிறேன், மடித்த நுனி விரலில் படுகிறது, இப்போது எடுத்துக் கொடுத்தால் போதும், மிஸ்ஸை மறுபடி அழைத்து பிரதிகளை மேசையிலிருந்து எடுக்கச் சொல்லவும் இன்னும் நேரம் இருக்கிறது, நாலு மணிக்கு எவ்வளவோ இருக்கிறது... "மாமி, கைய இன்னொருக்கா அளந்து பாருங்களன், போன முற கட்டையாப் போன மாதிரி." "இப்பதானே மகள் அளந்த?" என்று முனகிக்கொண்டே சல்மா உம்மா எழுந்து நாடாவை எடுக்கிறார். நளீர் என்னை ஒருகணம் பார்க்கிறாள். பிறகு, உம்மா சொல்வதற்கு முன்பே, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். "இருவத்திரண்டு" என்கிறார் உம்மா, அதே இருபத்திரண்டு. நான் கையை நீட்டியபடியே நிற்கிறேன், அந்த முதுகைப் பார்த்தபடி, பென்சில் அசைகிறதா என்று பார்த்தபடி, அசையவில்லை.