பூஜ்ஜியம் முதல் நூற்று இருபத்தேழு வரை

மனைவி இறந்து ஏழு வாரம் ஆகிறது. அவள் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். வரும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்பார்.

“அவளுக்கு எப்ப மாப்ள மூச்சு வாங்க ஆரம்பிச்சுது?”

“கடைசி ரெண்டு வாரம்தான் மச்சான்.”

டாக்டரிடமும் அதையேதான் சொன்னேன். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் அவர்.

இன்று மச்சான் அவள் வாசித்த பதிவை வாங்கிப் போக வந்தார். அத்தை கேட்க வேண்டுமாம். சாப்பாட்டு மேசையில் கணினியைத் திறந்தேன். பக்கத்தில் அவளுடைய குழல். கடையில் இருந்ததிலேயே மலிவான எலக்ட்ரானிக் குழல், வெள்ளை பிளாஸ்டிக். அதன் சொந்த ஒலி தகர டப்பா மாதிரி இருக்கும். அதனால் கணினியோடு இணைத்திருந்தோம். குழல் ஒலியை அனுப்பாது. எந்த ஸ்வரம், எவ்வளவு மூச்சு என்று எண்களை மட்டும் அனுப்பும். மூச்சுக்குப் பூஜ்ஜியம் முதல் நூற்று இருபத்தேழு வரை. ஒலியைக் கணினி போட்டுக்கொள்ளும்.

“இது என் மூச்சையே வாங்க மாட்டேங்குதுங்க. கொஞ்சம் ஏத்தி விடுங்களேன்” என்பாள்.

விலைக்கேற்ற சென்சார் என்று நானும் திட்டினேன். எச்சில் இறங்கியிருக்கும் என்று கழற்றித் துடைத்தேன். பிறகு, சின்ன மூச்சும் பெரிதாகக் கேட்கும்படி கணினியில் மாற்றி வைத்தேன். சில நாளில் மறுபடி கேட்டாள். மறுபடி ஏற்றினேன். அவள் வாசித்த நான்கு மாதமும் ஒலி குறையவே இல்லை.

மச்சான் குழலை எடுத்தார். “பழுதுன்னீங்களே, ஊதிப் பாக்கவா?”

ஊதினார். ஸ்பீக்கர் அலறியது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“யப்பா! நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட் பிடிக்கிறவன் மூச்சுக்கே இந்தக் கத்து கத்துது. இதப் போயி பழுதுங்கிறீங்க?”

திரையில் நூற்றுப் பத்தொன்பது.

அவளுடைய பதிவுகளைத் தேதிவாரியாகத் திறந்தேன். நான் ஏற்றியது ஒலியைத்தான். குழல் அனுப்பிய எண்கள் அப்படியே இருந்தன. முதல் மாதம் தொண்ணூற்றாறு. அப்புறம் எழுபது. நாற்பத்தொன்று. கடைசிப் பதிவில் பதினெட்டு.

“என்ன மாப்ள, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க? கடைசியா வாசிச்சதப் போடுங்க.”

அப்படியே போட்டிருந்தால் கணீரென்று கேட்டிருக்கும். நான் ஏற்றியதையெல்லாம் எடுத்துவிட்டுப் போட்டேன்.

மச்சான் ஸ்பீக்கர் பக்கம் காதைக் கொண்டு போனார். “ஓடுதா?”

“ஓடுது. இவ்வளவுதான் அவ ஊதுனது. மிச்சமெல்லாம் நான் ஏத்துனது. ரெண்டு வாரம் இல்ல மச்சான். நாலு மாசம்.”

பாட்டு முடியும்வரை அவர் காதை எடுக்கவில்லை. பிறகு குழலை மேசையில் வைத்தார், சத்தம் வராமல்.

“அம்மாவுக்கு ஏத்துனதையே குடுங்க” என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுபடி ஏற்றினேன்.