செம்மல் சாப்பிடவில்லை

காசிநாதன் வீட்டு நடுக்கூடத்தில் இசைவாணி முதன்முதலாகக் கால் வைத்தது ஒரு கிளிக்காகத்தான். பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாள். பின்கட்டு, மாட்டுக்கொட்டகை, களம் எல்லாம் கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பாள். கூடத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் தெரியாது. அன்றைக்குக் கொல்லைக் குழாயடியில் அவளை நிறுத்திவைத்து, காசிநாதனின் மனைவி நிர்மலா சோப்பை நீட்டினாள்.

“கால நல்லா தேச்சிக் கழுவு. குதிகாலு. இன்னொரு தபா கழுவு. கிளிக்கு எதாச்சும் தொத்திக்கும்னு தம்பி சொல்லிச்சி.”

தம்பி என்பது பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகன் அன்புச்செல்வன். ஆசைப்பட்டு ஓர் ஆப்பிரிக்கக் கிளியை வாங்கினான். அது போட்ட கத்தலில் பக்கத்து ஃபிளாட்காரர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்கள். பெற்ற பிள்ளையைப் பாட்டி வீட்டில் விடுகிற மாதிரி, கூண்டோடு கொண்டுவந்து வடக்கனந்தல் பக்கத்தில் இருக்கும் இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனான். சாம்பல் நிறம், சிவப்பு வால். புறாவைப் பிடித்து வாலை மட்டும் மிளகாய்ச் சாந்தில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும்.

மகன் அதற்குக் கூப்பர் என்று பேர் வைத்திருந்தான். காசிநாதனுக்கு அது பொறுக்கவில்லை. கோமுகி வாய்க்கால் தண்ணீர் முதலில் அவர் கரும்பை நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால்தான் ஊருக்குப் போகும். அதற்காக ஒரு சங்கம் அவருக்கு ‘வேளாண் செம்மல்’ என்று பட்டம் கொடுத்திருந்தது. சால்வையையும் கேடயத்தையும் அவரே கள்ளக்குறிச்சியில் வாங்கிக் கொடுத்தனுப்பினார் என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பட்டத்தில் பாதியைக் கிளிக்குக் கொடுத்து, “செம்மல்” என்று பேரை மாற்றினார். தனக்குச் சொந்தமான ஒன்றை இன்னோர் உயிருக்குப் பிரித்துக்கொடுத்த வகையில், அவர் வாழ்நாளில் செய்த ஒரே நிலச்சீர்திருத்தம் அது.

செம்மல் யாரிடமும் ஒட்டவில்லை. கிட்டே போனவர்களைக் கடித்தது. யாரும் போகாதபோது தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போட்டது. பேச்சும் வரவில்லை. காசிநாதன் மைக்கைப் பிடித்ததும் கனைப்பாரே, அந்தக் கனைப்பை மட்டும் அச்சாகக் கற்றுக்கொண்டது. அவர் யாரிடமாவது சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கனைப்பு எழும். வந்தவர் அடுத்து ஓர் உரை வருகிறது என்று பயந்து எழுந்துவிடுவார்.

அன்புச்செல்வன் வீடியோ காலில் விளக்கினான். “அதுக்கு ரெண்டே முகம்தான் தெரியும்பா. எல்லா மாதிரி ஆளுங்ககிட்டயும் பழகணும். அத சோஷலைஸ் பண்ணணும்.”

காசிநாதன் முதலில் சொந்தக்காரர்களை வரவழைத்தார். பங்காளிகள், மச்சான்கள், சம்பந்தி வீட்டார். செம்மல் பாரபட்சமில்லாமல் எல்லார் விரலையும் கிழித்தது. மகன் யோசித்துச் சொன்னான்: “எல்லாரும் ஒரே மாதிரி இருக்காங்கப்பா. வேற மாதிரி ஆளு வேணும்.” ஊரெல்லாம் வேறு மாதிரி ஆளைத் தேடிய காசிநாதனின் பார்வை கடைசியில் பின்கட்டில், கரும்பில் காய்ந்த சோகை உரிக்கப் போவதற்காக அரிவாளோடு நின்றிருந்த இசைவாணிமேல் வந்து நின்றது.

கிளியைப் பழக்குவதற்கு என்று அன்புச்செல்வன் செல்போனில் விதிமுறைகள் அனுப்பியிருந்தான். நிர்மலா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துக் காட்டினாள். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்கக் கூடாது. முன்னால் போய் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நிற்க வேண்டும். கிளியைவிடத் தலை தாழ்ந்திருக்க வேண்டும். குரலை உயர்த்தக் கூடாது. கடித்தாலும் கையை இழுக்கக் கூடாது. பங்காளிகளும் மச்சான்களும் இதில் ஒன்றைக்கூடக் கடைப்பிடிக்க முடியாமல் தோற்றுப்போனதில் வியப்பில்லை. பயிற்சி வேண்டுமில்லையா. அந்த வீட்டிலேயே, இதே விதிகளை அப்பன் பாட்டன் காலத்திலிருந்து தினமும் பழகித் தேறிய ஒரு பரம்பரை பின்கட்டில் நின்றுகொண்டிருந்தது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இசைவாணிக்குத் தோன்றியது. “இதுக்கு எதுக்கும்மா பொஸ்தகம்” என்று மட்டும் சொன்னாள்.

தரையில் உட்கார்ந்தாள். வேர்க்கடலையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தாள். சில நாள் கழித்துச் செம்மல் கம்பி வழியாக ஒரு கடலையைப் பிடுங்கியது. பிறகு வெளியே வந்தது. பிறகு ஒரு நாள், கொய்யாத் துண்டுக்காக அவள் மணிக்கட்டில் ஏறி, தோள்வரை நடந்து போய்க் காதோரம் அலகை உரசிக்கொண்டு நின்றது. நிர்மலா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

இசைவாணிக்கு அதன்மேல் பிரியம் என்று சொல்ல முடியாது. ஆனால் கரும்புக்குள் சோகை உரித்தால் உடம்பெல்லாம் கீறல். இங்கே ஃபேன். அதனால் தினமும் போனாள். “அதெ வா போன்னு கூப்புடாத, மரியாதையா கத்துக்கணும்” என்று காசிநாதன் சொல்லியிருந்ததால், “வாங்க செம்மல், ஏறுங்க செம்மல்” என்று கூப்பிட்டாள். அவளை வீட்டில் எல்லாரும் “ஏ புள்ள” என்றார்கள். செம்மலுக்கு எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர். அவளுக்குப் பேப்பர் கப்பில் டீ. “சுத்தத்துக்குத்தான், தப்பா நெனச்சிக்காத” என்று நிர்மலா ஒவ்வொரு நாளும் சொன்னாள். நிர்மலா எடுத்தனுப்பி மகன் நெட்டில் போட்ட வீடியோக்களில் கிளி முழுசாகத் தெரிந்தது. அவள் மணிக்கட்டுவரை தெரிந்தாள். வந்தவர்களிடம் காசிநாதன் கையை வீசிக் காட்டுவார்: “பறவைக்கு பேதம் தெரியுதா பாருங்க? மனுசன்தான் பிரிச்சிப் பாக்கறான்.” வந்தவர்கள் நெகிழ்ந்து தலையாட்டுவார்கள். பேதம் தெரியாத பறவைக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருப்பவளும் தலையாட்ட வேண்டியிருந்தது. கிளி தோளில் இருந்ததால் ஆட்டவில்லை.

அவள் அப்பன் மாயவனுக்கு இதில் பெருமை தாங்கவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து காசிநாதன் நிலத்தில் மடை திருப்பியவர். காசிநாதனின் தகப்பனார் செத்தபோது சொந்தபந்தங்களுக்குச் சேதி சொல்ல மணலூர்பேட்டைவரைக்கும் சைக்கிள் மிதித்தவர், திரும்பி வந்து சிதைக்குக் கட்டை அடுக்கியவர்.

“ஆண்டை வூட்டுக் கூடத்துலயே உக்கார வச்சிட்டாங்க பாத்தியா” என்பார்.

“ஆண்டை கீண்டைன்னு சொல்லாதப்பா. கிளிக்குப் பக்கத்துல உக்கார வச்சாங்க.”

“ஒனக்கு அவுரு மனசு தெரியாது. நான் செத்தா பாரு, தலமாட்டுல வந்து நிப்பாரு. நீதான் அழுதுகினு நாக்காலி போடுவ.”

மார்கழி மாதம் ஒரு விடியலில் மாயவன் செத்துப்போனார். தெருமுனைப் பலகையில் அரசாங்கம் ‘நகர்’ என்று எழுதிவிட்டாலும் ஊர் வாயில் இன்னும் காலனிதான். அந்தக் காலனியே வாசலில் கூடியது. மதியத்துக்கு மேல் எடுப்பதாகப் பேச்சு. இசைவாணியின் அம்மா ராஜாம்பாள், இரண்டு கண்ணிலும் புரை விழுந்தவள், “செத்த பொறுங்கடா, ஆண்டை வந்துரட்டும், அந்த மனுசன் சொல்லிக்கினே கெடந்தாரு” என்று கெஞ்சினாள். பொறுத்தார்கள். பாடை கட்டியவன் பீடி பிடித்துவிட்டு வந்தான், மறுபடி போனான். வெயில் சாய்ந்தது. கடைசியில் வந்தது டிராக்டர். ஓட்டுகிற பகலவன் ஒரு பெரிய ரோஜா மாலையோடு இறங்கினான். அந்த மாலை பிணத்தின் நெஞ்சை விட அகலமாக இருந்தது. “ஐயாவுக்கு கச்சிராயபாளையத்துல ஒரு மீட்டிங்கு. குடுத்தனுப்புனாரு” என்றான், யார் முகத்தையும் பார்க்காமல். ராஜாம்பாள் தடவிப் பார்த்து, “வந்துட்டாரா?” என்று கேட்டாள். இசைவாணிதான், “எடுங்கடா” என்று கத்தினாள்.

பால் தெளித்த மறுநாள் காலனி முனை டிரான்ஸ்ஃபார்மர் கிட்டே காசிநாதனின் கார் வந்து நின்றது. பின்னாலேயே டிராக்டரில் வந்த பகலவன் இறங்கி வந்து கூப்பிட்டான். இசைவாணி போனாள். கண்ணாடி பாதி இறங்கியது. உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது.

“அப்பன் விசயம் ரொம்ப வருத்தமா போச்சி. நல்ல மனுசன்” என்றார் காசிநாதன். “செம்மல் எதையும் சாப்புடல. நீ வராததிலேர்ந்து நெஞ்செல்லாம் பிச்சிக்கினு ரத்தம் வருது. தம்பி போன்ல அழுவுது. ஒரு எட்டு வந்துட்டுப் போ. கார்லயே ஏறு.”

போன மாதம் மூச்சிழுத்துக்கொண்டிருந்த அப்பனைப் பெரியாஸ்பத்திரிக்கு டவுன் பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிப்போனபோது, இதே கார்தான் ஆரன் அடித்து முந்திப்போனது. பின் சீட்டு காலியாக இருந்ததை அவள் பார்த்திருந்தாள்.

“தீட்டுங்க ஐயா.”

“அதெல்லாம் நான் பாக்கறதில்லமா. மேடைக்கு மேட பேசறவன் நானு.”

“நீங்க பாக்கமாட்டீங்க. அம்மா பாப்பாங்க. சாமி ரூமு கூடத்துலதான கீது.”

காசிநாதன் அதை ஏற்கெனவே யோசித்திருந்தார். “மாட்டுக் கொட்டாயில கிளிய கொண்ணாந்து வைக்கச் சொல்லிட்டேன்.”

இசைவாணி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “கருமாதி முடியாத வூட்டுப் பொம்பள ஊருக்குள்ள வந்தா ஆவாதுன்னு உங்க தெருவுலதான் சொல்லி வச்சிக்கீறாங்க. நாள பின்ன கரும்பு காஞ்சா என் தலையில வுழும். கிளிக்கு ஏதுங்க தீட்டு? இங்க எடுத்தாங்க. புது எடத்துலயும் பழகணும்னு தம்பி சொல்லிச்சில்ல.”

“இங்கயா?” காசிநாதன் கண்ணாடி வழியாகக் காலனியைப் பார்த்தார். எத்தனையோ முறை கடந்துபோன இடம், இப்போதுதான் யாரோ கொண்டுவந்து போட்டு வைத்த மாதிரி இருந்தது. “சரி. பகலவன்கிட்ட குடுத்தனுப்பறேன்.”

“மால குடுத்தனுப்புன மாரி கிளியையும் குடுத்தனுப்பாதீங்க ஐயா. நீங்க எடுத்தாங்க. இல்லன்னா அது பட்டினி கெடந்து சாவட்டும்.”

கண்ணாடி ஏறியது. கார் திரும்பிப் போனது. அதுவரை அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. பகலவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “கரும்பு வெட்டு வருது, இசை. காலனியே அவுரு வயல நம்பிக்கினு கீது. யோசிச்சியா?” என்று கேட்டுவிட்டு டிராக்டரில் ஏறினான்.

அவள் யோசித்திருக்கவில்லை. வீட்டுக்குப் போனதும்தான் கணக்குப் போட்டாள். அவள் வாய்க்கு முப்பது குடும்பம் கூலி இழக்கலாம். பக்கத்து வீட்டுக் கலையரசி கேட்டுவிட்டுச் சிரித்தாள். “வருவாருடி. ஒங்கப்பனுக்கு வரமாட்டாரு. கிளிக்கு வருவாரு.” அந்தச் சிரிப்பு இசைவாணிக்கு எரிந்தது. வராமல் போனால் அப்பன் சொன்னது பொய். வந்தால் அதைவிடக் கேவலம். இருந்தாலும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் காசிநாதன் வந்தார். சாவுப் பந்தல் பாதையை அடைத்திருந்ததால் கார் உள்ளே வரவில்லை. ஆளுயரத்துக்குப் பாதி இருக்கும் இரும்புக் கூண்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வழி தெரியாமல் கூண்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தபடி நடந்தார். வெள்ளைச் சட்டையில் கிளியின் எச்சம் ஒழுகியிருந்தது. குழாயடியில் இருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். யாரும் மரியாதைக்கு என்று இடுப்பில் செருகிய சேலையை இறக்கிவிடவில்லை. எந்த வீடு என்று அவர் இரண்டு இடத்தில் நின்று கேட்க வேண்டியிருந்தது. அத்தனை வருடம் தன் மடையைத் திருப்பியவரின் வீடு.

வாசலில் நாற்காலிமேல் மாயவனின் படம் இருந்தது, ரேஷன் கார்டுப் படத்தைப் பெரிசாக்கியது. காசிநாதன் அதைக் கடந்தபோது தலை லேசாகத் திரும்பியது. கும்பிட்டாரா என்றால், கை இரண்டும் கூண்டில் இருந்தது.

“உள்ள எடுத்தாங்க. வெளிய சத்தம், மெரளும்” என்றாள் இசைவாணி உள்ளேயிருந்து.

அது அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. கதவுச் சட்டத்தைக் காண்டிராக்டர் தன் மனசு அளவுக்கு வைத்திருந்தான். காசிநாதன் கூண்டை நேராக நுழைத்தார், போகவில்லை. சாய்த்தார், பாதி போய்ச் சட்டத்தில் சிக்கியது. அடித் தட்டு கழன்றுகொண்டது. விட்டால் கிளியோடு கீழே விழும். பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து நின்றார். நிமிர முடியாது, நிமிர்ந்தால் நிலைப்படி இடிக்கும். திரும்பி யாரையாவது கூப்பிடலாம். தெருவில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்களே தவிர ஒருவரும் கிட்டே வரவில்லை.

உள்ளே அகல்விளக்குப் பக்கத்தில் ராஜாம்பாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நீட்டிய காலை மடக்கவில்லை. வெளிச்சம் குறைந்தது மட்டும் அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

“யார்டி அது, வாசல மறச்சிக்கினு?”

இசைவாணி வேர்க்கடலையை உள்பக்கமிருந்து நீட்டினாள். செம்மல் கம்பியோடு கம்பியாக ஒட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சில் இறகு இல்லாத இடம் சிவந்து புண்ணாகியிருந்தது. அவள் தலையைத் தாழ்த்தவில்லை. கூண்டுக் கம்பிகளுக்கு இடையே தெரிந்த காசிநாதனின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

“அம்மா கேக்குது ஐயா. யாருன்னு சொல்லுங்க.”

காசிநாதனுக்கு மூக்கு நுனியில் வந்து உட்கார்ந்த ஈயை ஓட்டக் கையில்லை. கிளி கடலையை வாங்கிக்கொண்டு உடைக்கத் தொடங்கியது. கடலைத் தோல் சட்டத்தில் பட்டு, அவர் செருப்பைக் கழற்ற மறந்திருந்த காலின்மேல் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தது.