விட்டுப்போன தலைமையாசிரியர்

பள்ளியின் நூற்றாண்டு மலரை எழுதித் தர முடியுமா என்று தலைமையாசிரியை போனில் கேட்டதும், அவள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டாள். பழைய மாணவி, பத்திரிகையில் பல வருடம் குப்பை கொட்டியவள், கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். இதைவிடத் தோதான ஆள் கிடைக்குமா என்று அந்த அம்மாளுக்குச் சந்தோஷம். பத்தாம் வகுப்பில் அவளை அதே பள்ளியிலிருந்து விரட்டிய கதை அவருக்குத் தெரியாது.

அப்போது தலைமையாசிரியராக இருந்தவரைப் பிள்ளைகள் 'கஞ்சி' என்பார்கள். சட்டையில் அவ்வளவு விறைப்பு, ஆளிலும்தான். அவருடைய மகனும் அவளும் ஒரே வகுப்பு. கணக்குப் பரீட்சையில் பின்பெஞ்சிலிருந்து எட்டி எட்டிப் பார்த்து எழுதியவன் அவன். விடைத்தாள் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்க, பழி இவள் தலையில் விழுந்து, பள்ளியைவிட்டும் நீக்கினார்கள். அதோடு விடாமல், பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த அவள் அம்மாவை வரவழைத்து, காலைக் கூட்டத்தில் மேடையேற்றி, மைக்கில் மன்னிப்புக் கேட்க வைத்தார் கஞ்சி. அம்மாவுக்கு மைக்கை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. அது வீலென்று அலறியது. மொத்தப் பள்ளிக்கூடமும் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை கஞ்சி காத்திருந்து, "ம், திரும்பச் சொல்லு" என்றார்.

இத்தனை வருடத்தில் அந்தத் 'திரும்பச் சொல்லு' அவள் காதைவிட்டுப் போகவேயில்லை.

மலருக்காக அவள் மாடாய் உழைத்தாள். கிடங்காக இருந்த கட்டடத்தில் பள்ளி தொடங்கியது, கூரை பறந்த புயல், முதன்முதலாகப் பெண்பிள்ளைகளைச் சேர்த்தபோது ஊர் போட்ட சண்டை, ஆய்வுக்கூடத்தில் பிடித்த தீ எல்லாம் வந்தன. மணியடித்தவர் முதல் தண்ணீர் சுமந்த அம்மாள்வரை ஒருவரையும் விடவில்லை. கஞ்சியின் காலத்துக்கு வந்தபோதுதான், தமிழில் செயப்பாட்டு வினை எதற்கு இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. புதிய மாடி கட்டப்பட்டது. மரங்கள் நடப்பட்டன. நூலகம் திறக்கப்பட்டது. எல்லாம் நடந்தன, செய்தவர் என்று ஓர் ஆள் இல்லை. அந்தக் காலத்துப் படங்களிலும் பிள்ளைகள் மட்டும் இருக்கும்படி பார்த்துப் பொறுக்கினாள்.

மலர்க் குழுவில் யாரும் கவனிக்கவில்லை. அச்சுக்குப் போகும்முன் படிக்கக் கொடுத்ததில், அவரவர் அவரவர் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டு "பிரமாதம்" என்றார்கள். பழைய மாணவர் சங்கத் தலைவராகிவிட்ட கஞ்சி மகனும் தன் வாழ்த்துரையை மட்டும் இரண்டு தடவை படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

விழாவில் முதல் பிரதியைக் கஞ்சியின் கையில்தான் கொடுத்தார்கள். வயது தளர்த்தியிருந்தது, சட்டை மட்டும் அதே விறைப்பு. மேடையில் யாரோ பேசிக்கொண்டிருக்க, அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போனார். கடைசிவரை போனார். பிறகு பின்னாலிருந்து முன்னால் வந்தார். முன்வரிசையில் உட்கார்ந்து அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். மூன்றாவது தடவை அவர் புரட்டத் தொடங்கியபோது பூதக்கண்ணாடி வரி வரியாக நகர்ந்தது. அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மகன் மேடையிலிருந்து இறங்கி அவளிடம் ஓடி வந்தான்.

"என்ன மேடம் இது? அப்பா பேரே காணோம்! எத்தனை வருஷம் ஹெட்மாஸ்டரா இருந்தவரு!"

"அதுக்கென்ன, அவருக்குன்னு தனியா ஒரு புத்தகமே எழுதிடறேன். அந்தக் கணக்குப் பரீட்சையிலேருந்து ஆரம்பிக்கலாமா? யார் யாரைப் பார்த்து எழுதினாங்கன்னு நீங்களே சொல்லிடுங்க, போட்டுடலாம்."

அவன் முகம் செத்துப்போனது. அவள் யாரென்று அப்போதுதான் உறைத்தது.

"அது... ஏதோ சின்ன வயசு..."

"எங்கம்மாவுக்கு அப்ப சின்ன வயசு இல்லையே."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். "வேணாம். இப்படியே இருந்துட்டுப் போகட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு நழுவினான்.

விழா முடிந்து கஞ்சியைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவளே எதிரில் போய் நின்றாள்.

"என்னை விட்டுட்டியேம்மா" என்றார் அவர். கோபமில்லை, குழந்தை கேட்பதுபோல் கேட்டார்.

"ஆமா சார்."

"நீ யாரு?"

"தையல்காரி மகள்."

அவர் பூதக்கண்ணாடியை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். "அந்த மைக்..." என்று தொடங்கி, மேலே வராமல் நின்றார். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவர் தானாகச் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள். அவரால் முடியவில்லை. கண் கலங்கிற்று. மனம் இளகுமோ என்று அவளே பயந்திருந்தாள், இளகவில்லை. வழியை விட்டு ஒதுங்கினாள்.

வீட்டில் அம்மா தூங்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"பார்த்தானா?"

"மூணு தடவை புரட்டிப் பார்த்தாரும்மா."

"மூஞ்சி எப்படிப் போச்சு?"

அவள் சொன்னாள். வரி வரியாக நகர்ந்த பூதக்கண்ணாடி, ஓடி வந்த மகன், பாதியில் நின்ற பேச்சு, ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா பொக்கை வாய் திறந்து சிரித்தாள்.

"நல்லா வேணும். அழுதானா?"

"கண்ணு கலங்குச்சு."

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா, ஏமாற்றத்தோடு.